முதுமையும் ஊன்றுகோலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இருபது வயதைச் சற்றே தாண்டிய நாம் முதுமையைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலருக்குச் சிரிப்பை விளைவிக்கலாம். நரை காணாத தலை மூப்பைப் பற்றி என்ன அறியும் என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் கேட்பின் அது நியாயமே. எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். முதுமையை அனுபவிப்பவர் முதியவர். அதனை இன்பமாகவோ துன்பமாகவோ ஆக்குவதிற் பெரும்பங்கு கொள்பவர் அவரோடு ஒரு வீட்டில் வாழும் இளையவர். ஆதலின் இப்பேச்சுப் பெரியோருக்கு உபதேசம் அன்று. எம்மைப் போன்ற வாலிபருக்கு நாமே கூறிக்கொள்ளும் புத்திமதி. இதிற் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலும் சிறிது உண்டு.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். எமது நாட்டிலே 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 7.9 பேர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 12.6 பேர். அஃதாவது, முன்னர் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு ஒருவராக இருந்த முதியவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எட்டுப் பேருக்கு ஒருவராகிவிட்டார். எமது கிராமங்களின் நிலையை அறிவதற்கு இந்தக் கணக்கும் வேண்டியதில்லை. ஒழுங்கையால் ஒருமுறை நடந்து பார்த்தாற் போதும். பெரிய கல்வீடு, பூட்டிய அறைகள், விறாந்தையிலே ஒரு கிழவர், அடுக்களையிலே ஒரு கிழவி. பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கொழும்பில். பணம் வருகிறது, தொலைபேசியும் ஒலிக்கிறது. ஆனால் இரவில் எழுந்து கிணற்றடிக்குப் போகும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை.

இனி எமது குற்றத்தைக் கூறுவோம்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் எமது ஆச்சி கிணற்றடியிற் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 78. வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிற் பத்துப் போட்டார்கள். ஆறு வாரத்தில் எலும்பு பொருந்தியது. வைத்தியர்கள் தம் கடமையைச் செம்மையாகச் செய்தனர். அதன்பின் நாம் எமது கடமையைச் செய்யத் தொடங்கினோம். கிணற்றடிக்குப் போகக்கூடாது என்றோம். விளக்குமாற்றைத் தொடக்கூடாது என்றோம். அடுக்களைக்குள் நெருப்பண்டை நிற்கக்கூடாது என்றோம். சாய்மனைக் கதிரை ஒன்றை விறாந்தையில் இட்டு, எதிரே தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து, வேளாவேளைக்குத் தேநீரும் சோறும் கையிற் கொடுத்தோம். அயலவர் எம்மைப் புகழ்ந்தனர். ஆச்சியைப் பூப்போலப் பார்க்கிறார்கள் என்றனர். நாமும் பெருமிதம் அடைந்தோம்.

ஐந்து மாதங்கள் கழிந்தன. ஆச்சியாற் பிறர் கைகொடாமற் கதிரையிலிருந்து எழ முடியவில்லை. உணவு குறைந்தது. இன்று என்ன கிழமை என்று ஒரே நாளில் மூன்று தரம் கேட்டார். ஒருநாள், என்னை என்னத்துக்கு இன்னும் வைச்சிருக்கிறியள் என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மீண்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்கும் ஓர் இளம்பெண் ஆச்சியின் முன் குனிந்து, "ஆச்சி, உங்களுக்கு இப்ப என்ன செய்யவேணும் எண்டு ஆசை?" என்று கேட்டார். நாம் முந்திக்கொண்டு, "அவவுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் நாங்களே செய்யிறம்" என்றோம். அப்பெண் தலை நிமிராமலே, "நான் உங்களைக் கேக்கேல்லை, ஆச்சியைக் கேக்கிறன்" என்றார். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்ல, "முத்தம் கூட்டவேணும் பிள்ளை. என்ரை கையாலை ஒரு கறி வைக்கவேணும்" என்றார்.

ஐந்து மாதமாக அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாம் அந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்கவில்லை.

அன்று தொடங்கிச் சில சிறு மாற்றங்கள் நடந்தன. பள்ளமான சாய்மனைக் கதிரையை நீக்கிக் கைபிடியுள்ள உயரமான கதிரையை இட்டோம். காலையில் பத்து முறையும் மாலையிற் பத்து முறையும் ஆச்சி அதிலிருந்து எழுந்து எழுந்து இருந்தார். ஈர்க்கு விளக்குமாற்றை நீண்ட தடியிற் கட்டிக் கொடுத்தோம், குனிய வேண்டியதில்லை. அடுக்களையில் இருந்து கொண்டே மரக்கறி வெட்ட ஒரு வாங்கு வைத்தோம். கிணற்றடிச் சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, ஓரத்தில் இரும்புக் குழாய் ஒன்றை நாட்டினோம். மூன்று மாதத்தில் ஆச்சி முற்றம் கூட்டினார். முற்றம் முழுவதும் அன்று. படலையிலிருந்து வாசற்படி வரைக்கும் மட்டும். மிகுதியை எமக்கு விட்டுவிட்டார். நாள்தோறும் சமைக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமையில் ஒரு கறி மட்டும் அவருடையது. அந்தக் கறியில் யாரும் கைவைக்கக்கூடாது. கிழமை எது என்று அவர் இப்பொழுது கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை எப்பொழுது வரும் என்று அவருக்குத் தெரியும்.

இது எமது வீட்டு வாசலில் மட்டும் நிகழ்ந்த புதுமை அன்று என்பதைப் பின்னர் பல்கலைக்கழக நூலகத்திற் படித்தபோது அறிந்தோம். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியலாளர் அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் நடத்திய ஆய்வை 1976இல் வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்த முதியோருக்கு, அறையை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, பொழுதை எவ்வாறு கழிப்பது என்பன உங்கள் பொறுப்பே என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தெரிந்தெடுத்து வளர்க்கவிட்டனர். மற்றொரு மாடியினருக்கு, உங்களை இன்பமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்று சொல்லிச் செடியையும் கொடுத்து, நீர் ஊற்றும் வேலையைத் தாதியரிடம் விட்டனர். மூன்று வாரங்களுக்குள் முதல் மாடியினரிற் பெரும்பாலோர் உற்சாகமும் சுறுசுறுப்பும் கூடியவராகக் காணப்பட்டனர். மற்ற மாடியினரிற் பெரும்பாலோர் தளர்ந்தனர். இது சிறிய ஆய்வே. இது ஒன்றைக் கொண்டு உலகத்தை அளத்தல் தகாது. ஆயினும் அந்த இரண்டாம் மாடி எமது விறாந்தையை ஒத்திருந்தது என்பதை நாம் எவ்வாறு மறுப்போம்?

முதுமையில் நன்றாக வாழ்பவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதை ஜேர்மனியைச் சேர்ந்த போல் பால்ரஸ், மார்கிரட் பால்ரஸ் என்னும் உளவியல் அறிஞர்களான தம்பதியர் ஆராய்ந்தனர். அவர்கள் 1990இல் விளக்கிய கருத்தைச் சுருக்கமாகத் தமிழிற் சொல்வதாயின் தெரிவு, தேர்ச்சி, ஈடு என்னும் மூன்று சொற்களில் அடக்கலாம். எல்லாவற்றையும் செய்ய இயலாதபோது, முக்கியமான சிலவற்றைத் தெரிந்துகொள்வது தெரிவு. தெரிந்தவற்றிற் பயிற்சியையும் நேரத்தையும் கூட்டுவது தேர்ச்சி. இழந்த வலிமைக்குப் பதிலாக வேறொரு வழியையோ கருவியையோ கைக்கொள்வது ஈடு.

இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் ஆர்தர் ரூபின்ஸ்ரைன் என்னும் பியானோ வித்துவான். அவர் 1887இற் பிறந்தவர். 1976இல், 89ஆம் வயதிலேதான் மேடையை விட்டு விலகினார். எண்பது வயதிலும் இவ்வாறு வாசிப்பது எங்ஙனம் என்று கேட்டவர்களுக்கு அவர் மூன்று உபாயங்களைக் கூறினார். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்தவற்றை முன்னையிலும் அடிக்கடி பயின்றார். விரல்களின் வேகம் குறைந்தமையால், விரைவாக வாசிக்க வேண்டிய இடத்திற்கு முன்னுள்ள பகுதியை வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார். அதன்பின் வருவது கேட்போர் செவிக்கு வேகமாகவே பட்டது. தெரிவு, தேர்ச்சி, ஈடு மூன்றும் இதில் இருக்கின்றன அல்லவா?

எமது தோட்டக்காரரிடத்தும் இவ்வறிவு உண்டு. எட்டுப் பரப்பில் வெங்காயம் வைத்தவர் எழுபது வயதில் இரண்டு பரப்போடு நிறுத்துகிறார். அந்த இரண்டு பரப்பையும் முன்னையிலும் கருத்தாகப் பார்க்கிறார். துலா மிதித்த கால் தளர்ந்ததும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டுகிறார். அவரைப் பார்த்து, "அப்பு, இனித் தோட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பேசாமல் இருங்கோ" என்று சொல்லும் மகனே அவரைக் கிழவராக்குகிறான்.

இன்னொரு பெரியாரின் பெயரையும் இங்கே கூறாது விடல் இயலாது. மதுரையிற் கண் வைத்தியராக விளங்கிய டொக்டர் ஜி. வெங்கடசாமி 1918இற் பிறந்தவர். வாலிப வயதிலேயே மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. விரல்கள் கோணி நிரந்தரமாக வளைந்துவிட்டன. எழுந்து நடக்கவே பிரயாசைப்பட்ட அவர், கண் சத்திர சிகிச்சை என்னும் மிக நுண்ணிய வேலையைத் தெரிந்துகொண்டு, தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்வித்து, கத்தியைப் பிடிக்கத் தம் கையைப் பழக்கினார். அந்தக் கையாலே அவர் செய்த சத்திர சிகிச்சைகள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டவை. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976இல், 58ஆம் வயதில், பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைக் குறைந்த விலையிற் செய்யும் தொழிற்சாலையும் 1992இல் அதனோடு சேர்ந்தது. பலர் சாய்மனைக் கதிரையை நாடும் வயதில் அவர் தொடங்கிய வேலை அது. 2006இல் அவர் காலமானார்.

ஆனால் நண்பர்களே, ஊக்கம் இருந்தால் எதையும் வெல்லலாம் என்று கூறி நாம் இருந்துவிடலாகாது. சில இழப்புக்களுக்கு ஈடே இல்லை. துணையை இழந்தவருக்கு எந்தக் கருவி ஈடாகும்? அத்தகைய இடத்தில், அடைய முடியாததைக் கைவிட்டு அடையக்கூடியதில் மனத்தை வைப்பதும் ஒரு திறமையே. அதனைத் தோல்வி என்று எண்ணலாகாது. அன்றியும், எதைக் கைவிடுவது என்று தெரிவு செய்யும் உரிமை முதியவருடையது; எமது அன்று. இன்னுமொன்று. கையிற் காசில்லாதவருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதவருக்கும் தெரிவு என்பது வெறுஞ்சொல். ஆகவே உபாயம் ஒரு காலாயின், வசதி மற்றக் கால். இரண்டும் இருந்தாலன்றி நடை இல்லை.

அவ்வசதிகளைப் பற்றிச் சில சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கையிலே, ஆரோக்கியமான முதுமை என்பதை நோயின்மை என்று கூறவில்லை. தாம் மதிக்கும் வாழ்வை வாழவும் செயல்களைச் செய்யவும் வல்ல ஆற்றலைக் காத்துக்கொள்வதே அது என்று விளக்கிற்று. சலரோகமும் பிறசரும் உள்ள ஒருவர், மருந்தை ஒழுங்காக உண்டு, கிளினிக் கொப்பியோடு மாதந்தோறும் போய்வந்து, தம் வேலையைச் செய்து வாழ்வாராயின் அவரும் நன்றாக மூப்படைபவரே.

முதலாவது, கண்ணும் காதும். கண்ணிற் படரும் வெண்புரையை அகற்றி வில்லை வைக்கும் சிகிச்சை எமது அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இருந்தும், வயது போனாற் கண் மங்குவது இயல்பு என்று எண்ணி இருளில் இருக்கும் முதியோர் பலர். காது கேளாதவரை நாம் செவிடு என்று பரிகசிக்கிறோம். பின்னர் அவரோடு பேசுவதையே விட்டுவிடுகிறோம். லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கு ஏதுவாகும் பதினான்கு காரணங்களைக் குறிப்பிட்டது. கேள்விக் குறைவு, சிகிச்சை செய்யாத பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சலரோகம், தேகாப்பியாசம் இன்மை, தனிமை என்பன அவற்றுட் சில. அப்பதினான்கையும் நீக்க முடியுமாயின் உலகில் மறதி நோய் உறுவோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேரில் அது வராமலோ பிந்தியோ போகும் என்பது அவர்கள் மதிப்பீடு. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு?

இரண்டாவது, கால்களின் பலம். வயதானவர் உடலை வருத்தலாகாது என்பது எமது நம்பிக்கை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து முதியோர் நிலையமொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பலவீனமான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் காற்பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் அதனை முடித்தனர். அவர்களது காற்பலம் சராசரியாக நூற்றுக்கு 174 வீதம் கூடியது என்று 1990இல் அறிவிக்கப்பட்டது. தொண்ணூறிலும் தசை வளரும்! 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான அப்பியாசம் செய்வதோடு, வாரத்தில் மூன்று நாட்களேனும் சமநிலையையும் பலத்தையும் வளர்க்கும் பயிற்சி செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. வைத்தியரைக் கேட்டுத் தொடங்கினால், ஒரு கதிரையும் ஒரு சுவருமே போதிய கருவிகள்.

மூன்றாவது, வீடு. விழுதலைத் தடுப்பது எலும்பு பொருத்துவதிலும் மலிவு. மலசலகூடத்தில் ஒரு கைபிடி, குந்த இயலாதவருக்கு ஒரு கொமட், படியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு, இரவிற் போகும் வழியில் ஒரு மின்குமிழ், தலையணையருகே ஒரு ரோச் லைற், வழுக்காத செருப்பு. வெளிநாட்டிலிருந்து வந்து மேல்மாடி கட்டும் அன்பர்கள் கீழ்வீட்டில் இந்தக் கைபிடியை முதலில் வைப்பார்களாக.

நான்காவது, அரசாங்கத்தின் உதவிகள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது விதிக்கிறது. கைவிடப்பட்டவர் முறையிடுவதற்கு ஒரு சபையையும் அமைத்துள்ளது. 60 வயதானோருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டிச் சேவை 2018இல் வட மாகாணத்திற்கும் வந்தது. இவை கடதாசியில் உள்ளன. ஆயின் எத்தனை வீடுகளில் அந்த இலக்கம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது?

ஐந்தாவது, மனிதர். இதுவே முதன்மையானது. நாம் மிஷன் கல்லூரியிற் பயின்ற காலத்தில் ஒவ்வொரு வருட முடிவிலும் முதியோர் இல்லம் ஒன்றிற்குச் செல்வது வழக்கம். வரிசையாக நின்று பாடுவோம். தோடம்பழமும் சவர்க்காரமும் கொடுப்போம். வண்டி ஏறித் திரும்புவோம். அவ்வழக்கத்திற் குறை காண்பது எமது நோக்கம் அன்று. ஈகையை எமக்குக் கற்பித்தது அதுவே. ஆனால் அங்கிருந்த ஒருவரையேனும், "ஐயா, நீங்கள் ஒரு பாட்டுப் பாடுங்கள்" என்று நாம் கேட்டதில்லை. கொடுப்பவர் நாம், கொள்பவர் அவர் என்றே எண்ணினோம். ஒரு மனிதரிடமிருந்து யாரும் எதையும் கேட்காத நாள் வருமாயின், அன்றே அவர் முதியவராகிறார்.

ஆதலின் சங்கத்து நண்பர்களே, நாம் வேண்டுவது பெரிய திட்டம் அன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து, தனியே வாழும் முதியோரின் வீடுகளுக்குப் போவோம். ஒரு பை சீமெந்து, இரண்டு இரும்புக் குழாய், ஒரு சுத்தியல், சில மின்குமிழ்கள் இவற்றைக் கொண்டு போவோம். கிளினிக்குக்குப் போகத் துணையில்லாதவருக்குத் துணையாவோம். மாலையில் வாசிகசாலைக்கு அவர்களை அழைத்துவந்து, எமது தம்பி தங்கையருக்குக் கணக்கும் கதையும் சொல்லித்தரக் கேட்போம். எல்லாவற்றிற்கும் முன்னர், படலையைத் திறந்ததும் அந்தச் சிகிச்சைப் பெண் கேட்ட கேள்வியைக் கேட்போம்: உங்களுக்கு என்ன செய்யவேணும் எண்டு ஆசை? மறுமொழி வரும்வரை வாய் திறவாமல் நிற்போம்.

ஊன்றுகோல் நடப்பவருக்குத் துணை. அவரைத் தூக்கிச் செல்வது அன்று. நாமும் எமது முதியோருக்கு ஊன்றுகோலாய் இருப்போமாக. இருபதில் இருக்கும் நாமும் ஒருநாள் அந்த விறாந்தைக்குப் போகவேண்டியவர்களே. அங்கே எந்தக் கதிரை எமக்காக இடப்படும் என்பதை இன்று நாம் செய்வதைப் பார்த்து எமக்குப் பின்வரும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஆச்சிக்கு இப்பொழுது வயது 81. இன்று இங்கே பேசப்போகிறோம் என்று அவரிடம் விடைபெற்றபோது, "பேசிப்போட்டு நேரத்துக்கு வாருங்கோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். அந்தக் கறி ஆறுமுன் போகவேண்டியிருத்தலின் இத்துடன் அமர்கின்றோம்.